கூண்டுக் கம்பியைத் தடவிப் பார்த்த பிறகு பறவையை வாங்குங்கள்

போன வாரம் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் எதிரே வந்தான். கையில் துளை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே 2 பட்ஜி, சின்னக் கிளி வகை. "கூண்டு ரெடி அங்கிள். பட்டறையில சொல்லிச் செஞ்சாச்சு. பளபளன்னு இருக்கு" என்றான். எனக்கு வயிறு கலங்கியது. 16 வருஷமாகப் பறவை வளர்க்கிறேன். முதல் வருஷம் நானும் அந்தப் பளபளப்பைத்தான் காசு கொடுத்து வாங்கினேன்.

தண்ணீர் மாற்று, தட்டைக் கழுவு என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். புதிதாக வளர்ப்பவர்கள் தவறிவிடும் மற்றதைச் சொல்கிறேன்.

துத்தநாகம் பூசிய கம்பி

அப்போது ஒரு ஜோடி காக்கட்டீல், கொண்டை வைத்த கிளி வகை, வாங்கியிருந்தேன். கடையில் கொடுத்த கூண்டில் இறக்கையை விரிக்கக்கூட இடமில்லை. பாவமாக இருந்தது. ஹார்ட்வேர் கடையில் கம்பி வலை வாங்கி, பட்டறையில் கொடுத்து 4 அடி நீளத்துக்குக் கூண்டு செய்தேன். வலை, கூலி எல்லாம் சேர்த்து 250 வெள்ளி. "துரு பிடிக்காது தம்பி, பத்து வருஷம் வரும்" என்றார்கள். துரு பிடிக்கவில்லைதான்.

விடிவதற்கு முன்பே டிக் டிக்கென்று சத்தம் கேட்கும். ஆண் பறவை கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கும். கம்பியும் கம்பியும் சேரும் முனையில் துத்தநாகம் சொட்டாக உறைந்து நிற்கும், அதில் அலகைக் கொடுத்து நெம்பும். விளையாடுகிறது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் அது தண்ணீர்க் கிண்ணத்தைவிட்டு நகரவில்லை. எச்சம் தண்ணீராகப் போனது. அப்புறம் தின்றதையெல்லாம் கக்கியது. சளியாக இருக்கும் என்று மஞ்சள் தண்ணீர் வைத்துப் பார்த்ததில் 4 நாள் வீணானது. ஈப்போவில் பறவை பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். எக்ஸ்ரேயில் இரைப்பைக்குள் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன, எல்லாம் உலோகத் துணுக்கு. அன்றிரவே ஆண் செத்தது. பெட்டைக்குச் சிகிச்சை கொடுத்து உலோகத்தை உடம்பிலிருந்து வெளியேற்றினார்கள், அது பிழைத்தது.

கிளி வகைக்கு அலகு மூன்றாவது கால் மாதிரி. கம்பியைப் பிடித்து ஏறுவதும் அதால்தான், உரித்துப் பார்ப்பதும் அதால்தான். விழுங்கிய துணுக்கு அரைப்பையில் தங்கி, இரைப்பை அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் சேரும். கணையம், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் கெடும். "எங்க தாத்தா அதே வலையில புறா வளர்த்தாரே, ஒண்ணும் ஆகலையே" என்று சிலர் வாதம் செய்வார்கள். புறா கம்பியைக் கடிக்காது. பட்ஜியும் காக்கட்டீலும் நாள் முழுக்கக் கடிக்கும்.

எனக்கு ஆத்திரமே இதனால்தான். இந்தச் சாவைத் தடுக்க ஒரு நிமிஷம் போதும். கம்பியை விரலால் அழுத்தித் தடவுங்கள். வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ மாவு ஒட்டினால் அந்தக் கூண்டு வேண்டாம். வினிகரில் முக்கி முரட்டு பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி வெயிலில் காயவைப்பவர்கள் உண்டு. மேலே நிற்கும் மாவும் சொட்டும் குறையும், பூச்சு அப்படியேதான் இருக்கும். அதை நம்பிக் கிளி வகையை உள்ளே விடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்க முடிந்தால் நல்லது, விலைதான் கூட. இல்லையென்றால் பவுடர் கோட்டிங் பெயிண்ட் அடித்த கூண்டு போதும், பூச்சு எங்கும் உரிந்திருக்கக் கூடாது. உள்ளே தொங்கவிடும் மலிவு மணி, சங்கிலி, கொக்கியையும் பாருங்கள், அவற்றிலும் துத்தநாகம் இருக்கும்.

அந்தப் பையனின் பட்ஜிகள் இப்போது என் பழைய கூண்டில் இருக்கின்றன. பட்டறைக் கூண்டில் அவன் அம்மா கோழிக்குஞ்சு வளர்க்கிறார்.

வட்டக் கூண்டு

வேண்டாம்.

உயரத்தைப் பார்த்து ஏமாறுவது

கடையில் கோபுரம் மாதிரி கூண்டு கண்ணைப் பறிக்கும். பட்ஜி பக்கவாட்டில்தான் பறக்கும், அதற்கு நீளம்தான் வேண்டும். கம்பிக்குக் கம்பி இடைவெளி 1.2 செண்டிமீட்டருக்கு மேல் போனால் தலை மாட்டிக்கொள்ளும்.

வயசு பார்க்காமல் வாங்குவது

நம் ஊரில் பட்ஜியையே லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்பார்கள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, பட்ஜி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கையில் பழக வேண்டுமென்றால் குஞ்சாக வாங்க வேண்டும். பெரும்பாலான நிறங்களில் நெற்றியைப் பார்த்தாலே தெரியும். குஞ்சுக்குக் கோடுகள் அலகுக்கு மேலே இருக்கும் மூக்குத் தோல்வரை இறங்கியிருக்கும், 3, 4 மாதத்தில் இறகு உதிரும்போது மறையும். மஞ்சள், வெள்ளைப் பறவைகளில் கோடு தெரியாது, அதனால் நெற்றியை வைத்து வயசைச் சொல்ல முடியாது. பகலில் இறகை உப்பிக்கொண்டு 2 காலிலும் நின்று தூங்குவதை, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவதைப் பாவம் என்று வாங்காதீர்கள். நோயைக் கடைசிவரை மறைப்பது பறவைக் குணம். வெளியே தெரிகிறதென்றால் முற்றிவிட்டது.

சமையலறையும் சாமி மேடையும்

லயத்து வீட்டில் இடம் குறைவு, கூண்டை அடுப்புப் பக்கம் தொங்கவிடுவார்கள். நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் மறந்து காயவிட்டால் வரும் ஆவி சில நிமிஷத்தில் பறவையைக் கொன்றுவிடும், நமக்கு வாசமே தெரியாது. பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் உண்டு, இழுக்கும் மூச்சிலும் விடும் மூச்சிலும் புதுக் காற்று நுரையீரலில் ஓடும். நச்சுக் காற்றும் அப்படித்தான் ஓடும். இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கேனரியை வைத்திருந்தது இதற்காகத்தான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுங்கள், போடும்போது கூண்டு வேறு அறையில் இருக்கட்டும். டெங்கிக்குப் புகையடிக்க வண்டி வந்தால், பறவையை எடுத்துக்கொண்டு லயத்தைவிட்டே கொஞ்ச நேரம் தள்ளிப் போங்கள்.

ராத்திரி வெளியே தொங்கவிடுவது

செம்பனை இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும்.

மருந்தடித்த கொம்பு

கடையில் வரும் வழவழப்பான குச்சி எல்லா இடத்திலும் ஒரே பருமன். அதிலேயே நின்றால் பாதம் புண்ணாகும். கொய்யாக் கொம்பு நல்லது. ஆனால் தோட்டத்து ஓரத்தில் வெட்டாதீர்கள், களைக்கொல்லி அடித்த இடம். வீட்டு வாசலில் நிற்கும் மரத்தில் வெட்டி, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டுங்கள்.

பொந்திலிருந்து எடுத்த குஞ்சு

பழைய மரத்தைச் சாய்க்கும்போது கிளிக்குஞ்சு கிடைத்ததென்று கொண்டுவருவார்கள். இங்கே தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமமில்லாமல் வைத்திருப்பது குற்றம். 10 வெள்ளிக்குத் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள், வாங்கினால் அடுத்த பொந்திலும் கையை விடுவார்கள். பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.