கூன்வண்டிடமிருந்து மிச்சத் தென்னைகளைக் காப்பாற்றிய விதம்

பேராவூரணிப் பக்கம் எங்கள் தோப்பு. 2018 நவம்பரில் அடித்த கஜா புயலுக்குத் தப்பிய மரங்களிலும் சிலவற்றைச் சிவப்புக் கூன்வண்டு கொண்டுபோய்விட்டது. அப்பா நட்டு, குலைகுலையாய்க் காய்த்த மரம் கொண்டையோடு மடங்கி விழுந்தால் வயிறு எரியும்.

இந்த வண்டின் புழு மரத்தை உள்ளேயிருந்தே தின்பதால் வெளியில் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தண்டில் ஓட்டை, அதில் வடியும் செம்பழுப்புச் சாறு, மென்று துப்பியது போன்ற நார் தெரிந்தால் இதுதான். மரத்தில் காதை வைத்துப் பாருங்கள், புழு கறுக்கறுக்கென்று கடிப்பது கேட்கும்.

கொண்டை சாய்ந்ததை அன்றே வெட்டிப் பிளந்து எரித்தோம். விட்டுவைத்தால் உள்ளே கூட்டிலிருக்கும் அத்தனையும் வண்டாகி அடுத்த மரத்துக்குப் போகும்.

காண்டாமிருக வண்டு குருத்தில் போடும் துளைதான் கூன்வண்டுக்கு வாசல். காண்டாமிருக வண்டு பெருகுவது எருக்குழியில். அதனால் குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கிவிட்டு, அவற்றைக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சாணம் கலந்தோம். குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு கலந்து வைத்தோம். வாசனையால் வண்டை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் கட்டினோம். இளமரங்களுக்குப் பக்கத்தில் மட்டும் கட்டாதீர்கள், தேடி வரும் வண்டு அவற்றிலேயே இறங்கிவிடும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட முக்கியம் பச்சை மட்டையை வெட்டாமல் இருப்பது. வெட்டுக்காய வாசனைக்கே கூன்வண்டு வரும். வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் தண்டிலிருந்து 4 அடி விட்டு வெட்டச் சொல்லுங்கள்.