பனி மூட முந்தி நடக்கோணும்: ஹப்புத்தளையில ரெண்டு நாள்

கொழும்பு வெள்ளவத்தையில இருக்கிற எங்களுக்கு நடை எண்டா மரின் ட்ரைவ் தான், பின்னேரம் வெளிக்கிட்டு பம்பலப்பிட்டி மட்டும் போய் கடலைப் பாத்துட்டு ஒரு வடையோட திரும்பிறது. அதுவும் நடைதான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா ஒருக்காவாவது காட்டுக்குள்ளால, மலை முதுகால, பழைய சேர்ச், துறவி மடம், தோட்டத்துக் கோயில் எண்டு ஒவ்வொண்டா தொட்டுக்கொண்டு நாள் முழுக்க நடந்து பாக்கோணும் எண்டு நினைக்கிற ஆக்களுக்குத்தான் இது. இடம், மலைநாட்டில பதுளைப் பக்கம் இருக்கிற ஹப்புத்தளை. ரெண்டு இரவு, ஒரு சனி, ஒரு ஞாயிறு, காணும்.

முதல்ல ஒண்டு சொல்லுறன், மிச்சமெல்லாம் மறந்தாலும் இத மறக்காதேங்கோ. அந்த ஊரில மணிக்கூடு பாத்து வேலையில்ல, மூடுபனிதான் மணிக்கூடு. விடிய எல்லாம் கண்ணாடி மாதிரி தெரியும், ஒன்பது பத்து மணிக்கு கீழ இருந்து வெள்ளையா ஏறி வரும், பிறகு முன்னால போறவன்ர முதுகும் தெரியாது. நான் முதல்தரம் போனபோது ஆறுதலா எழும்பி, தோசை சாப்பிட்டு, பதினொரு மணிக்கு லிப்டன் சீட் எண்ட மலையுச்சிக்கு ஏறினன். மேல நிண்டு பாத்தா ஒண்டுமில்ல, பால் சட்டிக்குள்ள தலையை விட்ட மாதிரி. அதால நீங்கள் எந்தப் பாதையில போனாலும் எத்தினை மணிக்கு வெளிக்கிடுறியள் எண்டதுதான் கணக்கு.

போறதுக்கு ரெண்டு வழி. கோட்டை ஸ்டேஷன்ல இருந்து பதுளை ட்ரெயின் எடுத்தா எட்டு ஒன்பது மணித்தியாலம் போகும், சீட் புக்கிங் முப்பது நாளுக்கு முந்தித் திறக்கும், திறந்த உடனேயே முடிஞ்சும் போகும், அதால போற திகதிக்கு ஒரு மாசம் முந்தியே ஃபோனைக் கையில வச்சுக்கொண்டு இருக்கோணும். இந்த லைன் 1885ல நானுஓயா மட்டும்தான் வந்தது, ஹப்புத்தளைக்கு 1893ல, கடைசி பதுளைக்கு 1924ல, அவ்வளவு காலம் மலையக் குடைஞ்சிருக்கிறாங்கள். சீட் கிடைக்கேல்லையெண்டா புறக்கோட்டையில 99 பஸ், அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல வழியா ஆறு மணித்தியாலத்துக்கு ஒட்டி ஹப்புத்தளையில இறக்கி விடும். எனக்கு வெள்ளி இரவு பஸ்தான் பிடிக்கும், ஒரு நாள் மிச்சம். பெரகலயில இருந்து ஏறுற வளைவுகளுக்கு வயித்தைப் பிரட்டும், முன்னுக்கு இருங்கோ, தேசிக்காய் ஒண்டு கையில வச்சிருங்கோ.

எந்த மாசம் எண்டு கேட்டா, ஜனவரியில இருந்து ஏப்ரல் மட்டும் நல்லம். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரும் பரவாயில்ல, அது ஊவா தேயிலைக்குப் பேர் வாங்கிக் குடுக்கிற வறண்ட காத்துக் காலம், மழை குறைவு, ஆனா மலை முதுகில தொப்பி நிக்காது. ஒக்டோபர், நவம்பர்ல போகாதேங்கோ. 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையில மண் சரிஞ்சு லயங்களை, தோட்டத் தொழிலாளியளின்ர வரிசை வீடுகளை, அப்பிடியே மூடினது ஞாபகம் இருக்கும்தானே, அது இந்த மலைகளின்ர அடிவாரத்திலதான். வேற மாசத்தில போறதெண்டாலும் கனக்க மழை பெய்யுற கிழமையெண்டா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின்ர மண்சரிவு எச்சரிக்கையை ஒருக்கா பாத்துட்டு வெளிக்கிடுங்கோ, லைன் ஓடுதோ எண்டும் ஸ்டேஷனுக்கு அடிச்சுக் கேளுங்கோ.

இனி நடை. சனிக்கிழமைக்கு தங்கமலைக் காடு. எல்லாரும் செய்யிறது என்னெண்டா ஹப்புத்தளையில இருந்து அடிஷம் பங்களாவுக்கு த்ரீவீலர்ல போய், வாசல்ல ஃபோட்டோ எடுத்துட்டு, ஜாம் வாங்கிக்கொண்டு திரும்பி வாறது. நீங்கள் மாறிச் செய்யுங்கோ. காலமையில கொழும்புப் பக்கம் போற ட்ரெயின்ல ஏறி அடுத்த ஸ்டேஷனான இதல்கஷின்னையில இறங்குங்கோ, எந்த ட்ரெயின் அங்க நிக்கும் எண்டு முதல் நாளே ஸ்டேஷன் மாஸ்டரிட்ட கேட்டு வச்சிருந்தாச் சரி. அந்தச் சின்ன ஸ்டேஷன் 1600 மீற்றருக்கும் மேல, மலை முதுகின்ர நடுவில குந்தியிருக்கு, ரெண்டு பக்கமும் பள்ளம், வெளிச்சா உள்ள நாளில தெற்குப் பக்கம் கீழ உடவளவைத் தண்ணி மினுங்கிறதும் தெரியும். அங்க இருந்து ஹப்புத்தளைக்கு லைன் வழியா எட்டு கிலோமீற்றர் சொச்சம், காட்டு வழியால வந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், நிண்டு நிண்டு வந்தா நாலு மணித்தியாலம் வையுங்கோ.

தொடக்கத்தில கொஞ்சத் தூரம் ரயில் லைன் பக்கத்தாலதான் போகோணும். இதில பகிடி இல்ல, தண்டவாளத்தில நடக்கிறது சட்டப்படி பிழை, நடக்கிறதுக்கு பக்கத்தில ஊர் ஆக்கள் போட்ட ஒத்தையடிப் பாதை இருக்கு, அதிலயே நில்லுங்கோ, காதில இயர்ஃபோன் வேண்டாம், ஏனெண்டா இறக்கத்தில வாற ட்ரெயின் பனிக்குள்ள சத்தமே இல்லாம வந்து நிக்கும். சுரங்கத்துக்குள்ள செல்ஃபி எடுக்கப் போற ஆள் உங்களோட வந்தா அவரை வீட்டிலயே விட்டுட்டு வாங்கோ. பிறகு காட்டுக்குள்ள ஏறுற பாதை பிரியும், அந்தப் பிரிவு லேசில கண்ணில படாது, நாங்கள் ஒருக்கா தவறவிட்டு பாதி வழி போய்த் திரும்பினனாங்கள். கொழுந்துக்குப் போற அக்காமாரிட்ட கேளுங்கோ, "தங்கமலைக்கு எந்தப் பக்கம் அக்கா?" எண்டா "இப்படிக்கா ஏறிப் போங்க தம்பி, அட்டை கடிக்குமுங்க, பாத்துப் போங்க" எண்டு பாதையோட எச்சரிக்கையும் சேர்ந்து வரும்.

அட்டை கடிக்கும், அது உறுதி. சப்பாத்துக்கு வெளியால இல்ல, சொக்ஸுக்குள்ளதான் அதுக்கு வேலை. நீட்டு சொக்ஸ் போட்டு காற்சட்டையை அதுக்குள்ள விட்டு, சவர்க்காரத்தை காய்ஞ்சபடியே சொக்ஸில நல்லா உரசி விடுங்கோ, அல்லது சித்தாலேப தைலம் பூசுங்கோ. ஒட்டினா பிச்சு இழுக்காதேங்கோ, நகத்தால மெல்லமா வாயைத் தள்ளினா விட்டிடும். ரத்தம் கொஞ்சநேரம் நிக்காம வரும், பயப்பிட ஒண்டுமில்ல. எங்கட சித்தி ஒருக்கா உப்புப் பைக்கட்டே கட்டித் தந்து விட்டவ, மழைக்கு அது கரைஞ்சு பைக்குள்ள இருந்த பணிஸ் எல்லாம் கருவாடு மாதிரிப் போச்சு.

தங்கமலை பறவையள் சரணாலயம், சுமார் 130 ஹெக்டேர்தான், பெரிய காடு இல்ல. ஆனா உள்ளுக்குப் போனா வெளியில தேயிலை இருக்கு எண்டதே மறந்துபோகும், மரத்தில எல்லாம் பாசி தொங்கும், கால் வைக்கிற இடம் மெத்தை மாதிரி. இலங்கையில மட்டும் இருக்கிற நீலக் காக்கையை, சிவப்புச் சொண்டும் நீல வாலும், அதைப் பாக்கோணுமெண்டா கதைக்காம நடக்கோணும், ஆறு பேர் கூட்டமா கதைச்சுக்கொண்டு போய் ஒண்டும் காணேல்ல எண்டு சொல்லுற ஆக்களை எனக்குத் தெரியும், அதில நானும் ஒராள். குரங்குகளுக்குச் சாப்பாடு காட்டாதேங்கோ.

காடு முடியிற இடத்தில கல்லால கட்டின அடிஷம் பங்களா. சேர் தோமஸ் வில்லியர்ஸ் எண்ட வெள்ளைக்காரர் கட்டுவிச்சு 1931ல முடிஞ்சது, பிரித்தானியப் பிரதமரா இருந்த ஜோன் ரஸ்ஸல் பிரபுவின்ர பேரன் அவர், கென்ற் மாகாணத்தில தன்ர தகப்பன் போதகரா இருந்த ஊரின்ர பேரையே இந்த வீட்டுக்கும் வச்சிருக்கிறார். இப்ப அது கத்தோலிக்கத் துறவியளின்ர புனித ஆசீர்வாதப்பர் மடம். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி), பள்ளிக்கூட லீவு நாளிலதான் வெளியாக்களை விடுவினம், மத்தியானம் கொஞ்சநேரம் பூட்டுவினம், அதுக்காகத்தான் இந்த நடையைச் சனிக்கு வையுங்கோ எண்டு சொல்லுறன். மூண்டு நாலு அறை மட்டும்தான் பாக்கலாம். உள்ள ஆக்கள் செபம் பண்ணிற இடம், சேறு பிடிச்ச சப்பாத்தை வாசல்லயே நல்லாத் தட்டிட்டு, குரலைக் குறைச்சுப் போங்கோ. பிரதர்மார் செய்யிற ஜாம், கொய்யா ஜெலி, சட்னி எல்லாம் வாசல்ல விக்குது, ஸ்ட்ரோபெரி ஜாம் கெதியா முடியும்.

அங்க இருந்து டவுனுக்கு மூண்டு கிலோமீற்றர், தார் ரோட்டு, சும்மா இறங்கலாம். கால் மிச்சமிருந்தா பண்டாரவளை ரோட்டில இருக்கிற சென்ற் அன்ட்ரூஸ் சேர்ச்சுக்கும் போங்கோ, 1869ல கட்டினது. வளவுக்குள்ள தோட்டம் நடத்தின வெள்ளைக்காரத் துரைமாரின்ர கல்லறையள், பேர், திகதி, வசனம் எல்லாம் கல்லில வெட்டிக் கிடக்கு. வாசிச்சுக்கொண்டு நிக்கேக்க எனக்கு வேற ஒண்டு மனசில வந்தது, தோட்டம் போட இந்தக் காட்டை வெட்டின தமிழ்நாட்டுத் தொழிலாளியள் மன்னார்ப் பக்கம் கரையேறி மாத்தளை மட்டும் காட்டு வழியால நடந்தே வந்தவை, எத்தினை பேர் வழியிலேயே செத்தது, அவைக்கு ஒரு கல்லும் இல்ல. நாங்கள் லீவு போட்டு நடக்கிறம்.

அதால ஞாயிறு லிப்டன் சீட்டில இருந்து இறங்கி தம்பேதன்ன தேயிலைத் தோட்டப் பக்கம் நடக்கேக்க ரோட்டோரத்துச் சின்னக் கோயில்களையும் நிண்டு பாருங்கோ. கல்லு ஒண்டை நட்டு மஞ்சள் துணி கட்டின முனியாண்டி, மாரியம்மன், தேயிலை ஸ்டோர் (ஃபக்டரி) மெஷினுக்குக் காவலா ரோதமுனி. சேர்ச்சுக்கு இருக்கிற மாதிரி அதுகளுக்கு பலகை ஒண்டும் இல்ல. பக்கத்தில நிக்கிற ஆரையாவது கேட்டா கதை சொல்லுவினம், ஆனா படம் எடுக்க முந்திக் கேளுங்கோ, லயத்துக்குள்ள கமராவைத் திருப்பிறது அடுத்தவன்ர குசினிக்குள்ள எட்டிப் பாக்கிற வேலை.

இந்த நடைக்கு சூத்திரம் லேசு, ஏற வாகனம், இறங்கக் கால். விடிய அஞ்சு மணிக்கு முதல் நாளே சொல்லி வச்ச த்ரீவீலர்ல லிப்டன் சீட்டுக்கு ஏறுங்கோ, விலையை இரவே பேசி முடியுங்கோ, குளிருக்கு ஜக்கெட் வேணும். உயரம் 1970 மீற்றர் அளவில, கேற்றில சின்னக் காசு ஒண்டு எடுப்பினம். தோமஸ் லிப்டன் இருந்து தன்ர தோட்டத்தைப் பாத்த இடம், இப்ப அவர் சிலையா அங்கயே இருக்கிறார், பக்கத்தில இருந்து படமெடுக்க ஒரு கியூ வேற. சூரியன் ஏறின பிறகு கடையில ரொட்டியும் கட்டசம்பலும் ப்ளேன்டீயும் எடுத்துட்டு, ஏழு கிலோமீற்றர் தேயிலைக்குள்ளால இறங்கி 1890ல தொடங்கின தம்பேதன்ன ஃபக்டரிக்கு வாங்கோ. ஞாயிறில மெஷின் ஓடாம இருக்கலாம், அதால உள்ள பாக்கிறதை நம்பி வராதேங்கோ. அங்க இருந்து ஹப்புத்தளைக்கு தோட்டத்து பஸ் இருக்கு, பத்து கிலோமீற்றர் அளவு, சில்லறைக் காசு வச்சிருங்கோ.

இந்தப் பக்கமெல்லாம் பெக்கோ ட்ரெயில் எண்ட நெடுந்தூர நடைபாதையும் போகுது, கண்டியில இருந்து நுவரெலியா மட்டும் 22 பகுதியா 300 கிலோமீற்றருக்கு மேல, அதின்ர வரைபடத்தை ஃபோன்ல இறக்கி வச்சிருந்தா சிக்னல் இல்லாத இடத்திலயும் உதவும்.

திரும்பி வாறதில ஒரு பிரச்சினை. ஞாயிறு பின்னேரம் பதுளையில இருந்து வாற கொழும்பு பஸ் ஹப்புத்தளைக்கு வரேக்கயே நிரம்பி, மிதிபலகையிலயும் ஆக்கள் நிக்கும். ஒரு லோக்கல் பஸ்ஸைப் பிடிச்சு பின்னால பண்டாரவளைக்குப் போய் அங்க ஏறுங்கோ, சீட் கிடைக்கிற சாத்தியம் கூட. ஜாம் போத்தலை அட்டை ரத்தம் பிடிச்ச அந்தச் சொக்ஸுக்குள்ளயே சுத்தி வையுங்கோ, பெரகல வளைவுக்கு உடையாது.