நீல முட்டைக் கோழி வாங்கும்போது நடக்கும் தவறுகள்

முட்டை நீலமாக இருக்கிறது, அதனால் கோழி அராக்கானா என்ற தென் அமெரிக்க வழி இனம். பெரும்பாலான ஏமாற்றம் இந்த முடிவில்தான் தொடங்குகிறது. நீல ஓடு ஒரே ஒரு ஓங்கு மரபணுவின் வேலை, அதாவது தாய், தந்தை ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் மரபணு. பழைய வைரஸ் ஒன்றின் துண்டு கோழியின் மரபணுத் தொடரில் புகுந்து தங்கியதால் அது வந்தது என்று 2013-இல் கண்டறிந்தார்கள். தென் அமெரிக்கக் கோழிகளில் அது உண்டு, சீனத்து டோங்ஷியாங் கோழியிலும் உண்டு. எந்த நாட்டுக்கோழியோடு கலந்தாலும் அடுத்த தலைமுறைக்குப் போகும். ஊட்டியிலோ கோத்தகிரியிலோ கொல்லையில் பத்துக் கோழி வைத்திருப்பவர், முட்டைப் படத்தை மட்டும் பார்த்துச் சோடிக்குப் பணம் கட்டிவிடக் கூடாது. வால், கன்னம், கொண்டை, கால் இந்த நான்கையும் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

அமெரிக்கத் தர விதிப்படி அராக்கானாவுக்கு வாலே கிடையாது. இறகைப் பிடுங்கி வாலில்லாக் கோழி என்று காட்டினால் கை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சாதாரணக் கோழிக்கு முதுகு முடியும் இடத்தில் சதைப்பற்றான முண்டும் அதன்மேல் எண்ணெய்ச் சுரப்பியும் கையில் தட்டுப்படும். உண்மையான அராக்கானாவில் முதுகெலும்பின் கடைசிக் கணுக்களே இல்லை, முதுகு உருண்டு கீழே இறங்கிவிடும். இங்கே ஒரு விலக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் தரத்தில் வாலும் உச்சிக்குடுமியும் கன்ன இறகும் உள்ள அராக்கானாவும் உண்டு. ஆகவே விற்பவர் எந்த நாட்டுத் தரத்தைச் சொல்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெராக்கானா வேறு இனம். அமெரிக்கத் தரப் புத்தகத்தில் அராக்கானா 1976-இலும் அமெராக்கானா 1984-இலும் சேர்க்கப்பட்டன. அமெராக்கானாவுக்கு முழு வால், கன்னத்தில் புசுபுசுவென்ற இறகு, தாடி, பட்டாணிக் கொண்டை (சிறு முண்டுகள் மூன்று வரிசையாக உள்ள தாழ்ந்த கொண்டை) எல்லாம் இருக்கும். கால் சிலேட்டு நிறம் அல்லது கருப்பு, உள்ளங்கால் வெள்ளை. காலைத் தூக்கி அடியைப் பாருங்கள். கால் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அது ஈஸ்டர் எக்கர் என்ற கலப்பு. முட்டைக்காக வளர்ப்பவருக்கு ஈஸ்டர் எக்கர் நல்ல கோழிதான், கலப்பு என்பதால் தள்ள வேண்டியதில்லை. அதற்கு அமெராக்கானா விலை கொடுப்பதும், அதன் குஞ்சுகள் எல்லாம் நீல முட்டை இடும் என்று நம்புவதும்தான் தவறு.

கன்ன இறகையும் காதுக் குஞ்சத்தையும் ஒன்றென்று எண்ணுபவர் பலர். இறகை விரலால் விலக்கிப் பாருங்கள். அமெராக்கானாவில் இறகு கன்னத் தோலிலிருந்தே முளைக்கும். அராக்கானாவில் காதுத் துளைக்கு அருகே சிறு சதைக்காம்பு துருத்தி நிற்கும், அதன் நுனியில் குஞ்சம் இருக்கும்.

இந்த வேறுபாடு தெரியாமல் சோடி சேர்த்தால் நட்டம் முட்டையிலேயே தொடங்கிவிடும். குஞ்ச மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துவிடும். குஞ்சமுள்ள சேவலும் குஞ்சமுள்ள பெட்டையும் சேர்ந்தால் கருக்கூடிய முட்டையில் நான்கில் ஒரு பங்கு இப்படிப் போகும், அதுவும் அடையின் கடைசி நாட்களில். மலையில் இது நடந்தால் பழி இன்குபேட்டர் மேலும் மின்வெட்டின் மேலும் விழுகிறது. அந்த ஐயமும் நியாயமானதே. 2,000 மீட்டருக்கு மேல் காற்றில் ஆக்சிஜன் குறைவு, சமவெளியிலிருந்து மேலே கொண்டுவந்த முட்டை பொதுவாகவே குறைவாகப் பொரிக்கும். எது காரணம் என்று பிரித்தறிய, அதே தட்டில் அதே ஊரில் இட்ட சாதாரண நாட்டுக்கோழி முட்டை பத்தையும் சேர்த்து வையுங்கள். அவை ஒழுங்காகப் பொரித்து இவை மட்டும் ஓட்டுக்குள் சாகுமானால் கோளாறு சோடியில் இருக்கிறது. குஞ்சமுள்ளதைக் குஞ்சமில்லாததோடு சேர்த்தால் அந்த இழப்பு நின்றுவிடும்.

பட்டாணிக் கொண்டையைப் பார்த்து நீல முட்டையை உறுதி செய்வது அடுத்த தவறு. அந்தக் கொண்டைக்கான மரபணுவும் நீல ஓட்டுக்கான மரபணுவும் ஒரே குரோமோசோமில் நெருங்கி இருப்பதால், அமெராக்கானா வழிக் கலப்பில் இந்த அடையாளம் பெரும்பாலும் பலிக்கும். ஆனால் நம் பெருவிடைக்கும் அசிலுக்கும் பட்டாணிக் கொண்டை இயல்பாகவே உண்டு, நீல முட்டை மட்டும் இல்லை. பெருவிடை இரத்தம் கலந்த குஞ்சைக் கொண்டை காட்டி விற்றால் நம்பாதீர்கள். மறுபுறம், நிமிர்ந்த ஒற்றைக் கொண்டையும் சிறு குடுமியும் உள்ள கிரீம் லெக்பார் என்ற இனம் நீல முட்டை இடும். அதில் பொரித்த அன்றே சேவலா பெட்டையா என்று தெரியும். பெட்டைக்குஞ்சின் முதுகில் அணில் கோடு தெளிவாக ஓடும். சேவல்குஞ்சின் நிறம் வெளுத்திருக்கும், தலையில் வெளிர் புள்ளி இருக்கும்.

காது மடல் வெள்ளை என்றால் முட்டை வெள்ளை, மடல் சிவப்பு என்றால் முட்டை பழுப்பு என்ற பழைய கணக்கு இங்கே உதவாது. அமெராக்கானாவின் மடல் சிவப்பு, முட்டை நீலம். பட்டு மயிர் போன்ற இறகுள்ள சில்கியின் மடல் நீலப்பச்சை, முட்டை வெளிர் கிரீம். கடக்நாத் கருப்பு முட்டை இடும் என்று சொல்பவர்களும் உண்டு. தோலும் எலும்பும் கருத்திருந்தாலும் அதன் முட்டை வெளிர் பழுப்புதான். கடக்நாத்தையும் கருப்புச் சில்கியையும் பிரிக்க விரலை எண்ணினால் போதும். சில்கிக்கு ஐந்து, கடக்நாத்துக்கு நான்கு.

சேவல் விஷயத்தில்தான் பணம் அதிகம் வீணாகிறது. நீல முட்டையிலிருந்து பொரித்தது என்பதால் சேவலிடம் அந்த மரபணு இரட்டையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒற்றையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சோதிக்க, வெள்ளை முட்டையிடும் வெள்ளை லெகார்ன் பெட்டைகளோடு சேர்த்து, பிறக்கும் பெட்டைகள் முட்டையிடும்வரை காத்திருங்கள். ஒரு பெட்டை வெள்ளை முட்டை இட்டாலும் சேவலிடம் இரட்டை இல்லை. ஒற்றை மரபணுச் சேவலுக்குப் பிறந்த ஐந்து பெட்டைகளும் நீலம் இடும் வாய்ப்பு 32-இல் ஒன்றுதான். எட்டும் நீலம் என்றால் 256-இல் ஒன்று. கரும்பழுப்பு முட்டையிடும் மாரான்ஸையும் அமெராக்கானாவையும் கலந்து வரும் ஆலிவ் நிற முட்டைக் கோழிகளைத் தங்களுக்குள்ளேயே சேர்த்தாலும் இதே சிக்கல்தான், பெட்டைகளில் கால் பங்கு பழுப்பு முட்டைக்குத் திரும்பும்.

முட்டையிலேயே சாயம் பூசியிருக்கிறார்களோ என்ற ஐயம் இருந்தால் ஈரத்துணியால் தேய்ப்பது சரியான சோதனை ஆகாது. பழுப்பு நிறம் இயற்கையாகவே ஓட்டின் வெளிப்பூச்சாக, முட்டை வெளிவருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் படிவது. புது மாரான்ஸ் முட்டையைத் தேய்த்தாலும் கொஞ்சம் வரும். உடைத்து உள்சவ்வை உரித்துப் பாருங்கள். நீல நிறமி ஓடு முழுக்கக் கலந்திருப்பதால் உட்புறமும் நீலமாகவே இருக்கும். பச்சை முட்டைக்கும் உள்ளே நீலம்தான், மேலே பழுப்பு படிந்ததால் பச்சை. பழுப்பு முட்டைக்கு உள்ளே வெள்ளை.

மாரான்ஸ், வெல்சமர் இரண்டின் முட்டையும் கரும்பழுப்பு. பிரெஞ்சு மாரான்ஸின் காலில் இறகு இருக்கும், வெல்சமரின் கால் மஞ்சள், இறகு கிடையாது. மழைக்காலத்தில் மலைச் சேறு மாரான்ஸின் கால் இறகில் கட்டிக்கொள்ளும். உலர்ந்த தரை கொடுக்க முடியாதவர் வெல்சமர் வாங்குவது நல்லது. எதை வாங்கினாலும், முதல் முட்டையின் அடர்நிறத்தை வைத்து விலை பேசாதீர்கள். முட்டையிடும் பருவம் நீள நீளப் பழுப்பு வெளுக்கும், மூச்சுக்குழல் அழற்சி நோய் வந்தாலும் வெளுக்கும். அதே கோழி பருவத்தின் கடைசியில் இட்ட முட்டையையும் கேட்டுப் பாருங்கள்.