சிகே-எம்பி ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

எண்ணுக்கு முன் நேரத்தைப் பாருங்கள்: நெஞ்சுவலி எப்போது தொடங்கியது, ரத்தம் எப்போது எடுத்தார்கள்? சிகே-எம்பி (CK-MB) என்பது இதயத் தசையில் உள்ள ஒரு என்சைம் (நொதி). அந்தத் தசை சிதைந்தால் ரத்தத்தில் அது உயர 4 முதல் 6 மணி நேரம் ஆகும். 24 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, 2, 3 நாளில் இறங்கிவிடும். எனவே வலி வந்த முதல் மணி நேரத்து 'நார்மல்' முடிவை நம்பி வீடு திரும்பவே கூடாது. சில மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, ஏறுகிறதா என்று ஒப்பிட வேண்டும்.

மொத்த சிகே (எல்லாத் தசைகளிலிருந்தும் வரும் சிகே என்சைமின் கூட்டளவு) மட்டும் கூடியிருந்தால் பதற வேண்டாம். கடும் உடற்பயிற்சி, தசையில் போட்ட ஊசி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, தைராய்டு குறைவு எல்லாமே அதை ஏற்றும். அப்போது சிகே-எம்பியை மொத்த சிகேயால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 3க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கை, கால் தசை. 5க்கு மேல் என்றால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். சிகே-எம்பி நானோகிராமில் இருந்தால்தான் இந்தக் கணக்குப் பொருந்தும்.

இன்று முதன்மைச் சோதனை ட்ரோபோனின். அது என்சைம் அல்ல, இதயத் தசை சிதைந்தால் ரத்தத்தில் கலக்கும் ஒரு தசைப் புரதம். ஒரு வாரத்துக்கு மேலும் உயர்ந்தே நிற்கலாம். அந்த வாரத்திலேயே மறுபடி வலி வந்தால், சீக்கிரம் இறங்கும் சிகே-எம்பி கைகொடுக்கும்.

ரத்தம் எடுக்கையில் சிவப்பணு உடைந்தால் ரிப்போர்ட்டில் சில சமயம் சேர்ந்து வரும் எல்டிஹெச் (LDH), ஏஎஸ்டி (AST) என்ற வேறு இரண்டு என்சைம்களும் உண்மையை விட உயர்வாகக் காட்டலாம். இன்னொன்று: என்சைம் நார்மல் என்பது ரத்தக்குழாயில் அடைப்பில்லை என்பதற்குச் சான்றல்ல.