மாரி மழைக்க கோழிக்கூட்டு உமி நாறாம வச்சிருக்கிறது எப்பிடி

ஐப்பசி பிறந்தா நம்மட மட்டக்களப்புப் பக்கம் கொள்ளைப் பேர் செய்யிற முதல் வேலை, கூட்ட நாலு பக்கமும் படங்கால இறுக்கிக் கட்டுறது. நானும் முதல் வருசம் அப்பிடித்தான் கட்டினன், குளிர் படக்கூடாதெண்டு பாவம் பாத்துக் கட்டினது, ரெண்டு கிழமையில விடிய கதவத் திறந்தா கண் எரியுது, கோழியெல்லாம் கண்ண மூடிக்கிட்டு நிக்குது, சிலதுக்கு இரத்தக் கழிச்சலும் வந்திட்டு. மழை உள்ளுக்கு ஒரு சொட்டும் வரல்ல, ஆனா உமி ஈரம்.

அந்த ஈரம் கோழியிட ஈரந்தான். ஒரு பெரிய கோழி நாளைக்கு கால் லீற்றர் கிட்ட தண்ணி குடிக்கும், இருபது கோழியெண்டா அஞ்சு லீற்றர், அதில பெரும்பகுதி எச்சத்தோடயும் மூச்சோடயும் கூட்டுக்குள்ளதான் வருது, காத்து வந்து கொண்டு போகாட்டி அது உமியிலதான் நிக்கும். கண்ண எரிய வைக்கிற அமோனியா வாயு ஈர எச்சத்திலதான் கிளம்புறது.

அதால படங்க மழை அடிக்கிற பக்கம் மட்டும் கட்டுங்க, மாரியில வாடைக்காத்துப் பக்கம், அதுவும் மேல ஒரு அடி கட்டாயம் திறந்து விடுங்க. சூடான ஈரக்காத்து மேலாலதான் போகும். கீழ ஒண்டு ஒண்டரை அடி சுவர், அதுக்கு மேல முழுக்க கம்பி வலை, கூரை மூணு அடி வெளிய நீட்டி இருந்தா சாரலும் பெருசா அடிக்காது. கச்சான் காத்துக் காலத்தில படங்கே வேணாம், சுருட்டி வச்சிருங்க.

உமி அம்பாறை, சம்மாந்துறைப் பக்கம் அரிசி மில்லுகள்ல எடுக்கலாம். பூஞ்சணம் பிடிச்சத மட்டும் கொண்டு வராதீங்க, குஞ்சுகளுக்கு நெஞ்சுக்க வருத்தம் வரும். தரை வெளி நிலத்த விட ஒரு அடியாவது உயரமா இருக்கணும், இல்லாட்டி வெள்ளம் கீழால ஊறும். முதல்ல தரையில நாலு அங்குல உயரத்துக்கு உமி போடுங்க, பிறகு கொஞ்சம் கொஞ்சமாப் புது உமி சேத்து எட்டு அங்குலம் வரைக்கும் உயர்த்துங்க. ஒரு கோழிக்கு ரெண்டு சதுர அடியாவது வேணும், நெருக்கி விட்டா எவ்வளவு உமி போட்டாலும் சரிவராது.

கிழமைக்கு ரெண்டு தரம் விறாண்டியால அடி வரைக்கும் கிளறணும், மாரியில ரெண்டு நாளைக்கு ஒருக்கா. பின்னேரம் கொஞ்சம் நெல்லு தூவி விட்டா கோழியே பாதி வேலையப் பாக்கும். தண்ணிப் பாத்திரத்தடிதான் எப்பவும் முதல்ல கட்டியாகிற இடம், பாத்திரத்த ஒரு கல்லுல, கோழியிட முதுகு உயரத்துக்கு வையுங்க, கட்டியானத அள்ளி வெளிய போட்டுட்டு காஞ்ச உமி போடுங்க.

ஒரு பிடி எடுத்து நல்லா அமத்திப் பாருங்க. உருண்டையா அப்பிடியே நிண்டா ஈரம் கூட, கையத் திறக்க மெதுவா உதிர்ந்தா சரி, தூசியாப் பறந்தா அளவுக்கு மிஞ்சிக் காஞ்சிட்டு. மணம் பாக்கிறதெண்டா நிண்டுகிட்டு பாக்காதீங்க, குந்தி கோழியிட தலை உயரத்துக்கு மூக்கக் கொண்டு போங்க, அது மூச்செடுக்கிறது அந்தக் காத்தத்தான். நாறுதெண்டு சுண்ணாம்ப அள்ளிப் போட்டா அந்த நேரம் அமோனியா இன்னும் கூடும், முதல்ல படங்கத் திறந்து கிளறுங்க.

மாசி வெயிலுக்கு முழுக்க அள்ளலாம். வருத்தம் வராத கூடெண்டா பழைய உமியில ரெண்டு அங்குலம் விட்டுட்டு மேல புதுசு போடுங்க, எச்சத்த உக்க வைக்கிற நல்ல கிருமி அதிலதான் இருக்கு. அள்ளினத உடன கத்தரிக்குப் போட்டா வேர் கருகும், ரெண்டு மாசம் குவிச்சு மூடி வச்சுட்டுப் போடுங்க.