ரிப்பீட்டருக்குக் காது மந்தமானால்

ரிப்பீட்டர் என்பது ஓர் அலைவரிசையில் கேட்டதை அதே நேரத்தில் இன்னோர் அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்லும் அமெச்சூர் ரேடியோ நிலையம். தூரத்து நிலையம் முதல் அசையில் தெளிவாக விழுகிறது. ரிப்பீட்டரின் டிரான்ஸ்மிட்டர் எழுந்ததுமே குரல் இரைச்சலில் மூழ்குகிறது, அல்லது கேரியர் (குரலைச் சுமக்கும் அலை) எழுவதும் விழுவதுமாகத் திக்குகிறது. இதுதான் டிசென்ஸ்: சொந்த டிரான்ஸ்மிட்டராலேயே ரிசீவரின் காது மந்தமாவது. இதைக் கண்டதும் ஸ்க்ரூடிரைவரோடு டூப்ளெக்சரைத் (ஒரே ஆன்டெனாவில் டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் பிரித்து வைக்கும் ஃபில்டர் தொகுப்பு) திருகப் போகாதீர்கள். அதில் சரியாக ட்யூன் ஆகியிருந்த கேவிட்டியைக் (ஃபில்டர் குழல்) கலைத்துவிட்டால், தேட வேண்டிய பழுது இரண்டாகிவிடும்.

145.000 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 145.600-இல் ஒலிபரப்பும் 2 மீட்டர் ரிப்பீட்டரை எடுத்துக்கொள்வோம். 50 வாட் என்பது +47 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு). ரிசீவர் கேட்க வேண்டிய 0.25 மைக்ரோவோல்ட் என்பது −119 டிபிஎம். 166 டெசிபல் வித்தியாசமுள்ள இரண்டும் ஒரே ஆன்டெனாவில், 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. கெடுதல் இரண்டு வழிகளில் வரும். வலுவான கேரியர் ரிசீவரின் முன்பகுதியைத் திணறடிப்பது ஒன்று. டிரான்ஸ்மிட்டரின் அகன்ற இரைச்சல் நேராக 145.000-இலேயே விழுவது மற்றொன்று. இரண்டாவதை ரிசீவர் பக்கம் எந்த ஃபில்டர் போட்டாலும் நீக்க முடியாது. டிரான்ஸ்மிட்டர் பக்கத்திலேயே வடிகட்ட வேண்டும்.

முதலில் அளவெடுங்கள். சிக்னல் ஜெனரேட்டர், 100 வாட் தாங்கும் டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை வெப்பமாக்கும் சுமை), 30 டெசிபல் டைரக்‌ஷனல் கப்ளர் (ஒரு திசையில் போகும் சிக்னலில் சிறு பங்கை மட்டும் எடுக்கும் அல்லது சேர்க்கும் கருவி) ஆகியவை தேவை. டூப்ளெக்சரின் ஆன்டெனா முனைக்கும் டம்மி லோடுக்கும் நடுவே கப்ளரை வைத்து, ஜெனரேட்டர் சிக்னல் டூப்ளெக்சரை நோக்கிப் போகும்படி இணையுங்கள். 50 வாட்டில் அதே வழியாக 50 மில்லிவாட் திரும்பி வரும் என்பதால், ஜெனரேட்டர் முன்னால் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் கருவி) கட்டாயம் வேண்டும்.

1. டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்க, ரிசீவரில் 12 டெசிபல் சினாட் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் தெளிவின் அளவு) கிடைக்கும் வரை சிக்னலை ஏற்றி, அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. டிரான்ஸ்மிட்டரைக் கையால் இயக்கி, அதே சினாட் வர எத்தனை டெசிபல் கூட்ட வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் டிசென்ஸ். 1 டெசிபலுக்குள் இருந்தால் விட்டுவிடலாம். 3 டெசிபல் என்றால் ஓரத்தில் இருப்பவர்கள் காணாமல் போவார்கள்.
3. டம்மி லோடை எடுத்துவிட்டு ஆன்டெனாவை இணைத்து, இரண்டையும் மறுபடி அளவிடுங்கள். தளத்து இரைச்சலால் முதல் அளவே சற்று ஏறியிருக்கும். வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்.

டம்மி லோடிலேயே டிசென்ஸ் இருந்தால் பழுது பெட்டிக்குள். டூப்ளெக்சரின் ரிசீவ் முனையை 50 ஓம் டெர்மினேட்டரால் மூடி, ஜெனரேட்டரை அட்டெனுவேட்டரோடு நேராக ரிசீவரில் கொடுத்து டிரான்ஸ்மிட்டரை இயக்குங்கள். இப்போதும் டிசென்ஸ் வந்தால், டூப்ளெக்சரைச் சுற்றிக்கொண்டு கேபிள் உறை வழியாகவோ மின்கம்பி வழியாகவோ கசிகிறது. ஒற்றை உறை ஆர்ஜி-58 துண்டுகளை எறிந்துவிட்டு இரட்டை உறை ஆர்ஜி-214 அல்லது ஆர்ஜி-142 போடுங்கள். பிஎல்-259-க்குப் பதில் ‘N’ வகை கனெக்டர் நல்லது. கசிவு இல்லையென்றால், கூடுதல் கேவிட்டி ஒன்றை 145.600-ஐ வெட்டுமாறு ட்யூன் செய்து ரிசீவர் பாதையில் வையுங்கள். குணம் தெரிந்தால் திணறல்தான் காரணம். தெரியாவிட்டால் அதை 145.000-க்கு மாற்றி டிரான்ஸ்மிட்டர் பாதையில் வையுங்கள். அங்கே குணம் தெரிந்தால் காரணம் இரைச்சல். 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்கென்று விற்கும் சிறிய மொபைல் டூப்ளெக்சரை 600 கிலோஹெர்ட்ஸுக்குப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் திருகுவது வீண் உழைப்பு. நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவுக் கருவியின் அளவெல்லை சுமார் 70 டெசிபல்தான் என்பதால், 85, 90 டெசிபல் வெட்டின் அடியை அதில் பார்க்க முடியாது. கேவிட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ட்யூன் செய்யுங்கள்.

டம்மி லோடில் சுத்தம், ஆன்டெனாவில் மட்டும் தொல்லை என்றால் டூப்ளெக்சரைத் தொடவே வேண்டாம். பெரும்பாலும் துருவோ, தளர்வோ, நீரோதான். எல்எம்ஆர்-400 கேபிளில் அலுமினியத் தாளும் தகரம் பூசிய செம்புப் பின்னலும் உரசுவதால், ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் செய்யும் வேலையில் காலப்போக்கில் கரகரப்பு தரும். ஃபீடருக்கு (ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்) ஹெலியாக்ஸ் வகைக் கேபிளே நம்பகமானது. காற்றடிக்கும்போது மட்டும் கரகரத்தால், ஒருவர் மீட்டரைப் பார்க்க, மற்றவர் ஃபீடரையும் கோபுரத்தை இழுத்துக் கட்டும் கம்பிகளையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது ஆன்டெனாவைக் கையால் தொட வேண்டாம். கடலோரத் தளமென்றால் கோபுரத்து நட்டு, கிளாம்பு எல்லாமே சந்தேகத்துக்குரியவை.

துருப்பிடித்த மூட்டு ஒரு டயோடு போல அலைவரிசைகளைக் கலந்துவிடும். பக்கத்தில் 600 கிலோஹெர்ட்ஸை ஒட்டி மத்திய அலை நிலையம் இருந்தால், 145.600-லிருந்து அது கழிந்து 145.000-இல் வந்து நிற்கும். 146.200-இல் வேறொரு டிரான்ஸ்மிட்டர் இருந்தாலும் அதே கதை: இருமடங்கு 145.600-லிருந்து 146.200 போனால் 145.000. இவற்றில் நம் டிரான்ஸ்மிட்டரே பங்காளி என்பதால், அது அணைந்ததும் தொல்லையும் மறையும். ரிப்பீட்டர் தன்னைத்தானே பிடித்து வைத்துக்கொள்ளும் திக்கல் பலமுறை இதனால்தான். கலப்பு எங்கே நடக்கிறது என்று அறிய ரிசீவர் முன்னால் 3 டெசிபல் அட்டெனுவேட்டர் போடுங்கள். குறுக்கீடு 3 டெசிபல் மட்டும் குறைந்தால் அது வெளியிலிருந்தே வருகிறது. கலப்பின் வகையைப் பொறுத்து 6 அல்லது 9 டெசிபல் சரிந்தால் ரிசீவருக்குள்ளேயே உருவாகிறது. அப்போது ப்ரீஆம்பைக் (ரிசீவருக்கு முன்னால் உள்ள பெருக்கி) கழற்றுங்கள், அல்லது அதன் முன்னால் பேண்ட்பாஸ் கேவிட்டி (வேண்டிய அலைவரிசையை மட்டும் விடும் கேவிட்டி) வையுங்கள்.

சிடிசிஎஸ்எஸ் டோன் (குறிப்பிட்ட தாழ்ந்த ஒலி சிக்னலில் இருந்தால் மட்டும் ரிப்பீட்டரைத் திறக்கும் பூட்டு) போட்டால் திக்கல் காதில் விழாமல் போகும், மந்தம் அப்படியே இருக்கும். டோனை நீக்கிவிட்டு அளவெடுங்கள்.

டிரான்ஸ்மிட்டர் அணைந்திருக்கும்போதும் இரைச்சல் இருந்தால் இது வேறு நோய். ரிசீவரை பேட்டரியில் ஓட்டி, கட்டடத்தின் மெயினை அணைத்து, பிறகு ஒவ்வொரு சுற்றாகப் போடுங்கள். எல்இடி விளக்கு, சிசிடிவி அடாப்டர், சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் மூன்றையும் முதலில் சந்தேகியுங்கள். கண்டுபிடித்த சாதனத்தின் கம்பிகளை அதன் அருகிலேயே ஃபெரைட் வளையத்தில் ஆறேழு சுற்று சுற்றிப் பாருங்கள். அடங்காவிட்டால் சாதனத்தையே மாற்றுங்கள்.