ஆடியோ மென்பொருள் வெளியிட்டாச்சா? அடுத்த அப்டேட்டை இப்படித் திட்டமிடுங்கள்

1.0 வெளியானதும் புது எஃபெக்ட் சேர்க்கத்தான் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். 1.0.1 பிழை திருத்தத்துக்கு மட்டும் இருக்கட்டும்: செயலி பாதியில் நின்றுபோவது, 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிகிறோம் என்ற கணக்கு) பதிந்த பாட்டு 48-ல் வேகமாக ஓடுவது மாதிரியானவை.

ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன் ஒரு சோதனையை நான் விடவே மாட்டேன். ஒரே ப்ராஜெக்டைப் பழைய பதிப்பிலும் புதியதிலும் வேவ் கோப்பாக எடுங்கள், டிதரை (கோப்பாக்கும்போது சேர்க்கப்படும் மெல்லிய ரேண்டம் இரைச்சல்) அணைத்துவிட்டு. ஒன்றின் ஃபேஸைத் தலைகீழாக்கி (ஒலி அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறும்படி), இரண்டையும் சேர்த்து ஓட்டினால் முழு நிசப்தம் வர வேண்டும். லேசாக ஏதாவது கேட்டால் ஒலி எங்கோ மாறியிருக்கிறது. ரிவெர்ப், கோரஸ் போன்றவற்றில் ரேண்டம் அசைவு இருந்தால் அவற்றை அணைத்துப் பாருங்கள்.

அப்புறம், ப்ராஜெக்ட் கோப்பின் தொடக்கத்திலேயே பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள். பின்னால் ஃபார்மட்டை மாற்றும்போது பழைய கோப்புகளைத் திறக்க அதுதான் கைகொடுக்கும்.